39 வயதில் பிஎச்டி: வெல்டிங் அனுபவத்தை ஏன் ஒளிக்கிறீர்கள்?

பல வருடம் வெல்டிங் ஆய்வாளர் வேலை, பகுதிநேரமாகப் படித்து வாங்கிய பட்டம், வயது 39, மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் பிஎச்டிக்குப் போட்ட விண்ணப்பம் நிராகரிப்பு என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பகிர்ந்த நோக்க அறிக்கையை, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரையைப் படித்தேன். வயதுக்காக ஒரு பத்தி முழுக்க மன்னிப்பு. வெல்டிங்குக்கு ஒரே வரி. என்னைக் கேட்டால் கோளாறு அங்கேதான்.

உயர்வலிமை எஃகில் போட்ட வெல்ட் சோதனையில் தேறிவிட்டு, மறுநாள் விரிசல் விட்டதைப் பார்த்திருப்பீர்களே? ஈரம் ஏறிய எலக்ட்ரோடிலிருந்து புகுந்த ஹைட்ரஜன், வெல்டை ஒட்டிய மார்ட்டென்சைட்டுக்குள் (சூடான எஃகு வேகமாக ஆறும்போது உருவாகும் கடினமான அமைப்பு) மெல்லப் பரவி, இழுவிசை அதிகமுள்ள இடத்தில் சேர்ந்து பிளக்க வைக்கிறது. 48 மணி நேரம் கழித்துச் சோதிக்கச் சொல்வது இதனால்தான். அந்த ஹைட்ரஜனை எஃகுக்குள் எது, எவ்வளவு பிடித்து வைக்கிறது என்று இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அறிக்கையை இங்கிருந்து தொடங்குங்கள். நேரே பட்டப்படிப்பிலிருந்து வருபவர் பலருக்கு இந்த அனுபவம் கிடையாது.

இதே துறையில் இருக்கும் பேராசிரியரின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியோடு சுருக்கமாக எழுதுங்கள். திட்ட நிதி அவர் கையில் இருந்தால், பெரும்பாலும் அவர் விருப்பம்தான் இடத்தை முடிவு செய்யும்.

சரி, அடுத்து கணிதம். அது விட்டுப்போயிருந்தால் தெர்மோடைனமிக்ஸையும், ஒரு பொருளுக்குள் இன்னொன்று எப்படிப் பரவும் என்று சொல்லும் ஃபிக்கின் பரவல் விதிகளையும் தூசு தட்டுங்கள். முடிந்தால் ஒரு முதுகலைப் பாடத்தை மட்டும் தனியாகப் படியுங்கள். புது மதிப்பெண்ணோடு, பரிந்துரைக் கடிதம் தர ஓர் ஆசிரியரும் கிடைப்பார். அப்புறம், உதவித்தொகை பெரும்பாலும் இப்போதைய சம்பளத்துக்கு ஈடாகாது. வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.