சோவியத் ஐஸ் ஹாக்கி அணி: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: 1954-இல்தான் முதல்முறையாக உலகப் போட்டிக்கு வந்தார்கள். அந்த வருடமே தங்கம். எப்படி சார்?

பதில்: திடீரென்று முளைத்தவர்கள் இல்லை. ரஷ்யாவில் பேண்டி என்ற பழைய ஆட்டம் உண்டு. கால்பந்து மைதானம் அளவுக்குப் பனித்தளம், பக்கத்துக்கு 11 பேர், சின்னப் பந்து. கோடையில் கால்பந்து ஆடுகிறவர்களே குளிர்காலத்தில் இதை ஆடுவார்கள். 1946 டிசம்பரில் 'கனடா ஹாக்கி' (ஐஸ் ஹாக்கிக்கு அங்கே அப்போது வைத்த பெயர்) லீக் தொடங்கியபோது ஸ்கேட்டிங்கும் பாஸும் கைவசம் இருந்தன. பந்துக்குப் பதில் ரப்பர் வட்டுக்குப் பழக வேண்டியதுதான் பாக்கி. ஸ்டாக்ஹோமில் கனடாவை 7-2 என்று சாய்த்தார்கள். கனடா அனுப்பியது ஒரு சாதாரண அமெச்சூர் (சம்பளத்துக்கு ஆடாத) கிளப்பை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: மொத்தம் எத்தனை பட்டங்கள்?

பதில்: ஒலிம்பிக் தங்கம் 7, உலகப் பட்டம் 22. அதில் 1963 முதல் 1971 வரை தொடர்ந்து ஒன்பது. கலந்துகொண்ட எந்த உலகப் போட்டியிலிருந்தும் பதக்கம் இல்லாமல் திரும்பியதில்லை.

கேள்வி: மற்றவர்களிடம் இல்லாத எது இவர்களிடம் இருந்தது?

பதில்: ஐந்து பேர். பயிற்சியாளர் அனடோலி தாராசோவ் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான்: இரண்டு தடுப்பாட்டக்காரர், மூன்று முன்வரிசைக்காரர், ஐவரும் ஒரே கூட்டாக வருடக்கணக்கில் சேர்ந்தே ஆட வேண்டும். கனடாக்காரர்கள் வட்டை எதிரணி மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்துவார்கள். இவர்கள் வழி இல்லையென்றால் வட்டோடு பின்னால் திரும்பி, சுற்றி வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். எண்பதுகளின் 'பச்சை ஐவர்' (ஃபெடிசோவ், கசடோனோவ், மகரோவ், லாரியோனோவ், க்ருடோவ்) ஆடிய பழைய வீடியோ கிடைத்தால் வட்டைப் பார்க்காதீர்கள், வட்டு இல்லாத நால்வரைப் பாருங்கள். லாரியோனோவ் பார்க்காமலேயே தட்டிவிடுவார். காலியாக இருந்த அந்த இடத்துக்கு மகரோவ் வந்து சேர்ந்திருப்பார்.

இது ஒன்றும் மாயமில்லை. ராணுவ கிளப்பான சிஎஸ்கேஏவில் வருடத்தில் ஏறக்குறைய 11 மாதம் முகாம் வாசம். கல்யாணமானவர்களுக்கும் அதே கதிதான். நாட்டில் நல்ல ஆட்டக்காரன் எங்கே தென்பட்டாலும் ராணுவம் அழைத்துக்கொள்ளும். 1977 முதல் 1989 வரை 13 லீக் பட்டங்களும் அந்த ஒரு கிளப்புக்கே போயின.

கேள்வி: அப்படியென்றால் சோவியத் வீரர்களை அமெச்சூர் என்று சொன்னது ஏமாற்றுத்தானே?

பதில்: ஆமாம். காகிதத்தில் ராணுவ அதிகாரி, வேலை ஹாக்கி. இதில் கோபித்துக்கொண்டுதான் கனடா 1970 முதல் சில வருடங்கள் உலகப் போட்டியையும், 1972, 1976 ஒலிம்பிக்குகளையும் புறக்கணித்தது. அந்த வருடத் தங்கங்களை நான் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கணக்கில் எடுப்பேன்.

கேள்வி: கனடாவின் தொழில்முறை வீரர்களோடு மோதியபோது?

பதில்: 1972, எட்டு ஆட்டங்கள். மான்ட்ரியாலில் முதல் ஆட்டம். ஏழு நிமிடத்துக்குள் கனடா 2-0. அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். முடிவு 7-3, சோவியத் பக்கம். சோவியத் முன்வரிசைக்காரர் கார்லமோவ் மட்டும் இரண்டு கோல். ஆறாவது ஆட்டத்தில் கனடாவின் பாபி கிளார்க் அவருடைய கணுக்காலில் மட்டையால் ஓங்கி அடித்தார். அடுத்த ஆட்டத்தில் கார்லமோவ் இல்லை. கடைசி ஆட்டம் முடிய 34 விநாடி இருக்கும்போது பால் ஹெண்டர்சன் கோல் போட, கனடா 4-3 என்று தொடரை வென்றது; ஒன்று டிரா. அந்த அடி விழாமல் இருந்திருந்தால் கணக்கு மாறியிருக்கும் என்பது என் கட்சி.

கேள்வி: 1980 ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்க மாணவர்களிடம் தோற்றது ஏன்?

பதில்: முதலில் ஒரு திருத்தம்: அது இறுதிப் போட்டி இல்லை. அப்புறம் அமெரிக்கா பின்லாந்தையும் வென்றுதான் தங்கம் வாங்கியது. இரண்டு வாரத்துக்கு முன் நியூயார்க்கில் இதே அமெரிக்க அணியை 10-3 என்று நொறுக்கியிருந்ததால் அலட்சியம் இருந்தது. முதல் பகுதியின் கடைசி விநாடியில் கோல் விழுந்ததும் பயிற்சியாளர் டிகோனோவ், உலகின் தலைசிறந்த கோல்கீப்பரான ட்ரெட்யாக்கை உட்கார வைத்துவிட்டார். 4-3 தோல்வி.

கேள்வி: எப்படிக் கலைந்தது?

பதில்: எந்த முகாம் அந்த ஐவரை உருவாக்கியதோ அதுவே. டிகோனோவின் கெடுபிடியைக் கண்டித்து லாரியோனோவ் 1988-இல் ஒகன்யோக் இதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார். மறு வருடம் இன்னொரு சோவியத் வீரர் மொகில்னி ஸ்டாக்ஹோமிலிருந்து அப்படியே அமெரிக்கா போய்விட்டார். அதே வருடம் ஃபெடிசோவும் லாரியோனோவும் முறைப்படி அனுமதி வாங்கிக் கிளம்பினார்கள். பிறகு அமெரிக்காவின் டெட்ராய்ட் அணி, இவர்களையும் சேர்த்து ஐந்து ரஷ்யர்களை ஒரே கூட்டாகக் களமிறக்கியது. அதே பின்னால் திரும்பும் ஆட்டம், அதே சுற்று. 1997-இல் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்று, அதை மாஸ்கோவுக்கே எடுத்துக்கொண்டு போனார்கள்.