ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக் வாழ்ந்த காலத்தில் ஏன் பிரபலமாகவில்லை?

கூச்சம் ஒரு பெரிய காரணம். அவர் பாட்டுகளுக்குக் கிட்டாரின் சுருதியை அடிக்கடி மாற்ற வேண்டும். மேடையில் ஒரு பாட்டு முடிந்ததும் தலையைக் குனிந்து தந்திகளை முறுக்கிக்கொண்டே இருப்பார். கூட்டத்தோடு ஒரு வார்த்தை பேசமாட்டார். அதற்குள் ஆட்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கடைசியில் கச்சேரியே வேண்டாமென்று விட்டுவிட்டார்.

1948-இல் ரங்கூனில் பிறந்து, இங்கிலாந்துக் கிராமமொன்றில் வளர்ந்தவர். அம்மா மாலியும் வீட்டுப் பியானோவில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுவார். அவற்றைக் கேளுங்கள், மகனின் அந்த மென்சோகம் எங்கிருந்து வந்ததென்று புரியும்.

கடைசி ஆல்பம் 'பிங்க் மூன்' 1971-இல் இரண்டே இரவுகளில் பதிவானது; உடனிருந்தவர் ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும். 1974-இல், 26 வயதில் இறந்தார். அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு ஒரு கார் விளம்பரத்தில் ஒலித்துப் பெரிய கூட்டத்தை எட்டியது 25 ஆண்டு கழித்துத்தான்.