பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு ரிப்போர்ட்

கேள்வி: எனக்கு 67 வயது. மாட்டுங்காவில் மகன், மருமகளோடு இருக்கிறேன். இரண்டு வருஷமாகப் பிறப்புறுப்பின் வலது பக்க மடிப்பில் அரிப்பு. எட்டணா அகலத்துக்குச் சிவந்து, நடுநடுவே மாவு தூவின மாதிரி வெள்ளை. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ட்யூபைப் போட்டால் நாலு நாள் அடங்கும், திரும்ப வந்துவிடும். கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் ரத்தம் கசிந்ததும் பயந்துபோய் டாக்டரிடம் போனேன். சதை எடுத்துப் பார்த்து, ‘பேஜெட் நோய், மேல்தோலுக்குள் மட்டும்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் கிரீம் என்கிறார். இது கேன்சரா? வெட்டினால் போய்விடுமா? ரிப்போர்ட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மகனிடம் எப்படிச் சொல்வேன்?
- பெயர் வேண்டாம், மும்பை

பதில்: அம்மா, முதலில் அந்த ரிப்போர்ட்டை வெளியே எடுங்கள். ‘மேல்தோலுக்குள் மட்டும்’ என்று அதில் இருப்பது நல்ல செய்தி. கெட்ட செல்கள் இன்னும் அடித்தோலுக்கு இறங்கவில்லை. இந்த நிலையைப் புற்றுநோய்க்கு முந்தைய கட்டம் என்றுதான் சொல்வோம். உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு. இறங்கிவிட்டால் சிகிச்சை கடினமாகிவிடும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

நெட்டில் பேஜெட் என்று தேடினால் மார்பகம் வரும், எலும்பு வரும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட் 1874-இல் மார்பகக் காம்பில் இதை விவரித்தார். எலும்பு நோய் ஒன்றுக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதையெல்லாம் படித்துக் குழம்ப வேண்டாம்.

இரண்டு வருஷம் போய்விட்டதே என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். செம்பூரில் என் கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மாவுக்கு நானே எட்டு மாதம் பூஞ்சைக்கு மருந்து கொடுத்தேன். சதை எடுத்துப் பார்த்தபோது இதே நோய். அந்த எட்டு மாதம் இன்றும் என் மனசை அறுக்கிறது. மருந்துக்குக் கேட்காத அரிப்பு எதையும் பயாப்ஸி செய்யாமல் இப்போது நான் விடுவதில்லை. கடையில் கேட்டதும் கிடைக்கிற ட்யூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவைக்கும், நோய் அப்படியே இருக்கும். அதை இன்றோடு நிறுத்துங்கள்.

சிகிச்சைக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சிலருக்கு இந்தச் செல்கள் மலக்குடலிலிருந்தோ சிறுநீர்ப் பாதையிலிருந்தோ வந்திருக்கும். அப்படியானால் வைத்தியமே மாறிவிடும். குடல், சிறுநீர்ப்பை, கருப்பை வாய், மார்பகம் நாலையும் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

இனி ஆபரேஷன். புடவையில் சிந்திய எண்ணெய், கறையாகத் தெரிகிற இடத்தைத் தாண்டியும் நூலில் ஊறியிருக்கும் இல்லையா, இந்தச் செல்களும் அப்படித்தான், சிவப்பைத் தாண்டிச் சிதறியிருக்கும். அகலமாக வெட்டினாலும் ஓரத்தில் மிச்சம் இருக்கிறது என்று ரிப்போர்ட் வருவது சகஜம். மூன்றில் ஒருவருக்காவது திரும்ப வருகிறது. மறுபடி வெட்ட வேண்டிவந்தால் சில சமயம் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டியிருக்கும். உட்காருவதும் சிறுநீர் போவதும் கூடச் சிரமமாகலாம்.

கிரீமின் பெயர் இமிக்விமாட். பிறப்புறுப்பில் வரும் மருவுக்காக வந்த மருந்து. நம் எதிர்ப்புச் சக்தியை அந்த இடத்துக்கு வரவழைத்து நோயோடு மோதவிடும். நெதர்லாந்தில் 24 பெண்களுக்கு வாரம் மூன்று முறை, 16 வாரம் தடவிப் பார்த்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முழுதும் மறைந்தது, மற்றவர்களில் பலருக்குச் சுருங்கியது. மறைந்தவர்களிலும் சிலருக்குப் பிறகு திரும்பியது.

என்னைக் கேட்டால், மற்ற சோதனைகள் சுத்தமாக இருந்தால், நான் கிரீமில்தான் ஆரம்பிப்பேன். அது குறைக்காவிட்டால் கத்தி எப்போதும் இருக்கிறது. ஆனால் எளிதென்று நினைக்காதீர்கள். எரியும், புண்ணாகும், சில நாள் காய்ச்சல் மாதிரி உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கும். மருந்து வேலை செய்கிறபோது வருகிற தொல்லைதான் இது. தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், சில நாள் இடைவெளி தருவார், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முடிந்தபின் மறுபடி பயாப்ஸி கட்டாயம். எந்த வழியானாலும் வருஷக்கணக்கில் செக்கப் தொடரவேண்டும். நடுவில் கைக்கண்ணாடி வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இது ஒட்டுகிற நோயல்ல. சுத்தக்குறைவால் வந்ததும் அல்ல. மகனிடம் ‘இடுப்புக்குக் கீழே தோலில் ஒரு நோய், கவனித்தால் சரியாகும்’ என்று சொன்னால் போதும். மருமகளிடம் முழுசாகச் சொல்லுங்கள். பதினாறு வாரம் அந்த எரிச்சலை வீட்டில் ஒருத்தராவது தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது கருத்துக்கு டாட்டா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; உங்கள் ஸ்டேஷனிலிருந்து தாதர் தாண்டினால் பரேல். அரிய நோய் என்பதால் திசுவை இன்னொரு கண் பார்ப்பது நல்லது. பயாப்ஸி செய்த லேபில் ஸ்லைடை மட்டுமல்ல, சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.