ராக் காதுக்கு எந்த கன்ட்ரி பிடிக்கும்?

ராக் மட்டுமே கேட்டுவந்த நீங்கள், அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் பாடிய 'ஹர்ட்' கேட்டு கன்ட்ரி இசைப் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். ஆனால் செயலி பரிந்துரைக்கும் புது நாஷ்வில் (கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான அமெரிக்க நகரம்) பாட்டுகள் சலிக்கின்றன என்கிறீர்கள். சலிக்கத்தான் செய்யும். அதில் பாதி, பாப் பாட்டுக்குக் கௌபாய் தொப்பி மாட்டிய கதை.

'ஹர்ட்' முதலில் நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழுவின் பாட்டு. 2002இல் கேஷின் குரலில் அதைத் தயாரித்த ரிக் ரூபின்தான் மெட்டல் குழு ஸ்லேயரின் 'ரெயின் இன் பிளட்' ஆல்பத்தையும் தயாரித்தவர். அதனால் நீங்கள் ரொம்ப தூரம் வந்துவிடவில்லை!

அடுத்து கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் போங்கள். 1960களில் நாஷ்வில் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் சேர்த்துப் பாட்டை மெழுகிக்கொண்டிருந்தபோது, அங்கே பாடகர்கள் பக் ஓவன்ஸும் மெர்ல் ஹாகர்டும் டெலிகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரைக் கூர்மையாக ஒலிக்கவிட்டார்கள். ஓவன்ஸ் பாடிப் பிரபலமான ஒரு பாட்டை 1965இல் பீட்டில்ஸே, ரிங்கோ குரலில், பதிவு செய்தார்கள்.

அப்புறம் வேலன் ஜென்னிங்ஸ். ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹோலிக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர். 1973இல் வந்த 'ஹாங்கி டாங்க் ஹீரோஸ்' ஆல்பம் போதும். பெடல் ஸ்டீல் (கம்பிகள் மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும், பெடல் வைத்த கிட்டார்) முதலில் இழுவையாகத் தோன்றும், சரி, கிட்டார் சோலோ என்றே நினைத்துக் கேளுங்கள்.

கேஷ் 1968இல் ஃபோல்சம் சிறைக் கைதிகள் முன் பாடிய ஆல்பம் இன்னும் கேட்கவில்லையென்றால், மற்றதெல்லாம் அப்புறம். இன்றைக்கே அதைப் போடுங்கள்.