ஈரத்தில் மின்னும் கல் காய்ந்ததும் மங்குவது ஏன்?

கேள்வி: ஆறு மாதமாகப் பொழுதுபோக்காகக் கபோஷான், அதாவது மேற்புறம் வழுவழுப்பாக வளைந்த நகைக்கல், தீட்டி வருகிறேன். பெரும்பாலும் அகேட், ஜாஸ்பர் கற்கள். என்னிடம் இருப்பது வைரத் துகள் பதித்த ஆறு சக்கரங்கள் உள்ள இயந்திரம். சக்கரத்தின் எண் (கிரிட்) கூடக் கூடத் துகள் சிறியது. 80, 220 இரண்டும் கெட்டியான உலோகச் சக்கரங்கள். 280, 600, 1200, 3000 நான்கும் மெத்தென்ற ரெசின் சக்கரங்கள். தீட்டிக்கொண்டிருக்கும்போது கல் கண்ணாடிபோல் மின்னுகிறது. துடைத்துக் காயவைத்துப் பார்த்தால் உச்சியில் மெல்லிய கோடுகளும் ஒரு மங்கலும் தெரிகின்றன. 14000 சக்கரம் வாங்கினால் சரியாகுமா? இல்லை, சீரியம் ஆக்ஸைடு என்ற மெருகுப் பொடி போட்டுத் தேய்த்தால் போதுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். நீங்கள் பார்க்கும் கோடுகள் கடைசிச் சக்கரத்தில் உண்டானவை அல்ல. அவை 80-லோ 220-லோ விழுந்தவை. அடுத்தடுத்த சக்கரங்கள் அவற்றின் மேலேயே ஓடி, சுற்றியுள்ள இடத்தை மட்டும் பளபளப்பாக்கிவிட்டன. சுற்றிலும் மெருகு ஏற ஏற, பழைய கீறல் இன்னும் தெளிவாகத் தெரியும். அதனால்தான் மெருகு போடும்போது புதிதாகக் கோடு விழுவதுபோல் தோன்றுகிறது.

ஈரத்தில் தெரியாதது காய்ந்ததும் தெரிவதற்குக் காரணம் எளிது. கீறலுக்குள் தண்ணீர் நிரம்பி நிற்கும்போது பரப்பு சமமாகிவிடுகிறது. கல்லுக்கும் காற்றுக்கும் ஒளிவிலகலில் இருக்கும் வித்தியாசத்தைவிட, கல்லுக்கும் தண்ணீருக்கும் இருக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. அதனால் ஒளி அதிகம் சிதறுவதில்லை. கல் முழுசாக மெருகேறியதுபோல் காட்டுகிறது. தண்ணீர் வற்றியதும் கீறலில் காற்று புகுந்துவிடும், உண்மை வெளிப்பட்டுவிடும். ஆகவே ஒரு சக்கரத்தை விட்டு அடுத்ததற்குப் போகுமுன் கல்லைக் கட்டாயம் காயவைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும். இந்தத் தொழிலில் நான் யாருக்காவது ஒரே ஒரு பழக்கம் சொல்லித்தரலாம் என்றால் இதைத்தான் சொல்லித்தருவேன்.

பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. டியூப்லைட் வெளிச்சம் பரவலாக விழுவதால் கீறலை மறைத்துவிடும். ஒற்றை பல்பு உள்ள மேசை விளக்கின் கீழே உட்காருங்கள். பருத்தித் துணியால் கல்லை நன்றாகத் துடைத்து, வாயால் ஊதி, ஈரம் துளிகூட இல்லாமல் செய்யுங்கள். கல்லின் முதுகில் பல்பின் பிம்பம் ஒரு புள்ளியாக விழும். அந்தப் புள்ளியைப் பார்க்காதீர்கள், அதன் ஓரத்தைப் பாருங்கள். கல்லை மெதுவாகச் சாய்த்துப் பிம்பத்தை உச்சியிலிருந்து விளிம்புவரை நகர்த்துங்கள். வெளிச்சமும் நிழலும் சேரும் அந்த ஓரத்தில்தான் கீறல் வெள்ளை முடிபோல் பளிச்சென்று எழும்பும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாக் கோடுகளும் ஒரே பருமனில், மெல்லியதாக இருந்தால் அடுத்த சக்கரத்துக்குப் போகலாம். மெல்லிய கோடுகளுக்கு நடுவே தடித்த கோடு ஒன்றே ஒன்று ஓடினாலும், அது முந்தைய சக்கரத்தின் மிச்சம்தான். அங்கேயே நில்லுங்கள்.

அளவுகளைப் பார்த்தால் விஷயம் புரியும். 80 கிரிட்டில் ஒரு வைரத் துகள் சுமார் 180 மைக்ரான். 220-ல் சுமார் 65 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். 3000-ல் அது ஐந்தாறு மைக்ரானாகச் சுருங்கிவிடுகிறது, 14000-ல் ஒன்றிரண்டு மைக்ரான். 180 மைக்ரான் துகள் உழுதுவிட்ட பள்ளத்தை ஒரு மைக்ரான் துகளால் மட்டம் செய்ய நாள்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். போதாததற்கு, முரட்டுச் சக்கரம் மேலே கீறுவதோடு நிற்பதில்லை. கீறலுக்கு அடியிலும் நுண்ணிய விரிசல்களை உண்டாக்கிவிடுகிறது. மேல்கீறல் போன பிறகும் மங்கல் மிஞ்சுவது பெரும்பாலும் இதனால்தான். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது கல் தீட்டுவதற்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது.

எனவே 80-ல் வடிவத்தை முடிக்காதீர்கள். அச்சுத் தகட்டை வைத்து வரைந்த கோட்டுக்குச் சுமார் அரை மில்லிமீட்டர் வெளியிலேயே 80-ஐ நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை 220 எடுக்கட்டும். கோடு வரைய அலுமினியக் கம்பியைக் கூராக்கி வைத்துக்கொண்டால் தண்ணீரில் அழியாது. நான் தொடங்கிய காலத்தில் 80 சக்கரம் வேகமாக வெட்டுகிறதே என்று அதிலேயே முழு வளைவையும் கொண்டுவந்துவிடுவேன். பிறகு 600-ல் ஒரு மணி நேரம் போராடுவேன். 220-ல் கூடுதலாக ஐந்து நிமிடம் செலவழித்தால் அந்த ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்று பிடிபட வெகுநாள் ஆயிற்று.

சரி, கோடுகள் ஏன் குறிப்பாக உச்சியில் மட்டும் மிஞ்சுகின்றன? கல்லை அரக்கால் ஒட்டியிருக்கும் குச்சியைக் கையில் பிடிக்கும் கோணத்தில் இருக்கிறது விடை. கல்லைச் சுற்றும்போது கை இயல்பாகத் தோள்பட்டைப் பகுதியை, அதாவது விளிம்புக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட சரிவைத்தான் சக்கரத்தில் அழுத்தும். குச்சி சக்கரத்துக்கு நேர் செங்குத்தாக வரும்போதுதான் உச்சி தொடும். அந்த நிலையில் கல் ஆடும், பிடி நழுவும்போல் இருக்கும், அதனால் கை சீக்கிரம் விலகிவிடும். ஆக, மற்ற இடங்களுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் உச்சிக்குச் சில விநாடிதான் கிடைக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. 280-க்குப் போகுமுன் காய்ந்த கல்லின் மேற்பரப்பு முழுவதும் அழியாத மையுள்ள மார்க்கர் பேனாவால் பூசிவிடுங்கள். வழக்கம்போல் அரை நிமிடம் தீட்டிவிட்டுப் பாருங்கள். மை எங்கே மிச்சமிருக்கிறதோ, அங்கே சக்கரம் தொடவே இல்லை. உங்கள் விஷயத்தில் உச்சியில் ஒரு பொட்டு மாதிரி மை நிற்கும் என்று நினைக்கிறேன். கீறலின் பள்ளத்திலும் மை தங்கும். அதுவும் நல்லதுதான், எங்கே வேலை பாக்கி என்று காட்டிக்கொடுக்கும். மை முழுக்கப் போகும்வரை தீட்டி, மறுபடி பூசி, மறுபடி தீட்டுங்கள்.

கையசைவிலும் கொஞ்சம் மாற்றம் வேண்டும். முதலில் விளிம்பைச் சுற்றி 45 பாகை சரிவு எடுங்கள். அப்புறம் அதற்கு மேலே இன்னும் தட்டையான இரண்டாவது சரிவு, பிறகு மூன்றாவது. இரண்டு சரிவுகளுக்கு நடுவே நிற்கும் முகட்டை 220-ல் உருட்டி எடுத்தால் வளைவு தானாக வந்துவிடும். உருட்டும்போது விரல்கள் குச்சியைச் சுற்றிக்கொண்டே இருக்க, முன்கை மேலிருந்து கீழாக ஒரு வில்போல் இறங்க வேண்டும். ஒரே இடத்தில் பிடித்து நிறுத்தினால் கெட்டிச் சக்கரம் அங்கே ஒரு தட்டையைப் போட்டுவிடும். ரெசின் சக்கரம் வளைந்து கொடுப்பதால் சிறு தட்டைகளை மன்னிக்கும், பெரியவற்றை மன்னிக்காது. ஒவ்வொரு சக்கரத்திலும் கல்லை முந்தைய கீறல்களுக்குக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தால் பழைய கோடுகள் தனியாகத் தெரியும்.

உங்கள் 280 சக்கரம் புதியதா? கேள்வியில் அது இல்லை, ஆனால் கேட்க வேண்டியது. புது ரெசின் சக்கரத்தில் சில வைரத் துகள்கள் மற்றவற்றைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் 280 சக்கரம் 220-ஐவிட மோசமாகக் கீறும். உதவாத அகேட் துண்டு ஒன்றை எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டு, சக்கரத்தின் முழு அகலத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பழக்குங்கள். அதற்கு முன் நல்ல கல்லை அதில் வைக்க வேண்டாம்.

அடுத்தது கழுவுவது. 80-லிருந்து உதிர்ந்த ஒரே ஒரு துகள் குச்சியின் அரக்கில் ஒட்டிக்கொண்டு 1200 வரை பயணம் செய்யும். மொத்த மெருகையும் கெடுக்க அது போதும். சக்கரம் மாறும்போதெல்லாம் கல், குச்சி, அரக்கு, கை, நகக்கண் எல்லாவற்றையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். துடைக்கும் துணியும் முரட்டுச் சக்கரங்களுக்கு ஒன்று, மெல்லிய சக்கரங்களுக்கு வேறொன்று.

அரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கல் குளிர்ந்திருந்தால் அரக்கு பிடிக்காது, பாதி வேலையில் கழன்று தெறிக்கும். அரக்கு இளகும் அளவுக்குக் கல்லையும் மெதுவாகச் சூடாக்கியே ஒட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் தட்டியவுடன் பிரிந்துவிடும். ஓபலுக்கு மட்டும் இது ஆகாது. சூடும் குளிரும் மாறினால் அது வெடிக்கும். அதைச் சூப்பர் க்ளூவால் ஒட்டுவதே நல்லது.

மெருகு போடுவது இவற்றோடு ஒப்பிட்டால் சின்ன வேலை. 3000 முடிந்த கல் காய்ந்த நிலையிலேயே பல்பின் பிம்பத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால், தோல் வட்டில் சீரியம் ஆக்ஸைடைக் குழைத்துப் பூசி, அகேட்டை ஓரிரு நிமிடம் அழுத்தினால் போதும். குழம்பு காயத் தொடங்கி, தோல் கல்லைப் பிடித்து இழுக்கிற மாதிரி கைக்குத் தெரியும் தருணத்தில்தான் உண்மையான மெருகு ஏறுகிறது. கல் விரல் சுடும் அளவுக்குப் போகவிடாதீர்கள். அகேட்டும் சூட்டில் விரிசல் விடும்.

லாபிஸ், ஜேட் போன்றவற்றுக்குப் போகும்போது இன்னொரு தொல்லை வரும். லாபிஸில் கலந்திருக்கும் தாதுக்களில் பைரைட் கெட்டி, கால்சைட் மிருது. மெத்தென்ற சக்கரத்தில் நெடுநேரம் தேய்த்தால் மிருதுவான பகுதி குழிந்து, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் ஆகிவிடும். அதற்குக் கூர் மழுங்காத வைரச் சக்கரம், குறைந்த நேரம், அதோடு விட்டுவிட வேண்டும். அகேட்டில் கை பழகிய பிறகு அவற்றைத் தொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அகேட்டும் ஜாஸ்பரும் சிலிக்கா. அதன் நுண்தூள் நுரையீரலின் அடிவரை போய் சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும், வந்தால் திரும்பிப் போகாத நோய் அது. தண்ணீர் விட்டுத் தீட்டுவது தூசியைப் பெருமளவு அடக்கும், ஆனால் சக்கரத்திலிருந்து எழும் நுண்சாரலிலும் தூள் இருக்கிறது. என்95 அல்லது அதற்கு மேற்பட்ட முகமூடி இல்லாமல் உட்காராதீர்கள். மேசையிலும் ஏப்ரனிலும் தெறித்த சேறு காய்ந்தால் மறுபடி தூசியாகப் பறக்கும். அதனால் வேலை முடிந்த கையோடு, ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள். விளக்குமாற்றால் பெருக்கவே கூடாது. சேற்றைக் குழாய்த் தொட்டியில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவிட்டு, வண்டலைத் தனியே எடுத்துப் போடுங்கள். தண்ணீரும் மின்சாரமும் அடுத்தடுத்து இருக்கும் வேலை இது, மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாத இணைப்பில் இயந்திரத்தை ஓட்ட வேண்டாம்.

இனி உங்கள் கையில் இருக்கும் மங்கிய கற்கள். அவற்றை ஒதுக்க வேண்டாம். ஒன்றை எடுத்து மை பூசி, 220-க்குத் திரும்புங்கள். விளிம்பைத் தொடாமல் மேல்வளைவிலிருந்து மட்டும் எடுத்தால் அளவு மாறாது, உயரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 280-ல் மட்டும் இதுவரை கொடுத்த நேரத்தைப்போல் இருமடங்கு கொடுங்கள். அடிப்பக்க விளிம்பிலும் 45 பாகையில் மெல்லியதாக ஒரு சரிவு போட்டுவிடுங்கள், நகையில் பதிக்கும்போது ஓரம் சிதறாமல் இருக்கும். இப்படி ஐந்தாறு கற்களைச் செய்து, 3000-க்குப் பிறகு காய்ந்த நிலையில் ஒரு தடித்த கோடும் இல்லாமல் வந்தால், அப்போது 14000 சக்கரம் வாங்குங்கள். அன்று அது தன் வேலையைச் செய்யும்.