ஏஞ்சல் முதலீட்டாளரிடம் பத்து நிமிடத்தில் என்ன பேசுவது?

முதல் முறையாக ஒரு ஏஞ்சல் முதலீட்டாளரை (ஆரம்பநிலை நிறுவனங்களில் சொந்தப் பணத்தைப் போட்டுப் பங்கு வாங்குபவர்) சந்திக்கப் போகிறேன், பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார், ஸ்லைடில் என்னென்ன வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்லைடு ஒரு மாலை வேலை. என்ன பிரச்சினை, அதை எப்படித் தீர்க்கிறீர்கள், யார் காசு கொடுக்கிறார்கள், இதுவரை என்ன நடந்திருக்கிறது, நீங்கள் யார், எவ்வளவு வேண்டும். அவ்வளவுதான். அதைச் சொல்லி முடித்த பிறகு வரும் கேள்விகளில்தான் மாட்டிக்கொள்வோம்.

நான் முதலில் போனபோது கிடைத்த 15 நிமிடத்தில் 12 நிமிடத்தை ஆப்பைத் திறந்து காட்டியே தீர்த்தேன். பொறுமையாகப் பார்த்தவர், "ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க எவ்வளவு செலவாகிறது?" என்றார். தெரியாது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னேன். அவர் அதை நானே ஸ்லைடில் போட்டிருந்த வாடிக்கையாளர் எண்ணிக்கையால் மனதிலேயே பெருக்கி, "அப்படிப் பார்த்தால் உங்கள் மொத்தச் செலவைவிட விளம்பரச் செலவு அதிகமாக வருகிறதே" என்றார். அப்புறம் நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை, நம்பவும் கூடாது. இப்போதெல்லாம் தெரியாததைக் கேட்டால் "நாளைக்குள் பார்த்து அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே அனுப்பிவிடுகிறேன்.

ஏஞ்சல் முதலீட்டாளர் போடுவது சொந்தப் பணம், அதில் பாதிக்கு மேல் திரும்பாது என்று தெரிந்தே பல நிறுவனங்களில் போடுகிறார். அதனால் ஜெயிக்கிற ஒன்றிரண்டு மற்ற நஷ்டத்தையெல்லாம் ஈடுகட்ட வேண்டும். மாதாமாதம் அளவான லாபம் தரும் தொழில் உங்களுக்கு அருமையானதாக இருக்கலாம், அவருக்கு அதில் வேலை இல்லை. இது புரியாமல்தான் பலர் "நல்ல லாபம் வருகிறதே, ஏன் மறுத்தார்?" என்று குழம்புகிறார்கள்.

பங்குக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பழகுங்கள். 90 லட்சம் ப்ரீமனி மதிப்பில் (அதாவது அவர் பணம் வருவதற்கு முந்தைய மதிப்பில்) 10 லட்சம் வாங்கினால் மொத்தம் 100 லட்சம், அதில் அவருக்கு 10 சதவீதம். 100 லட்சம் ப்ரீமனி என்றால் 9.09 சதவீதம். "ஒரு கோடி மதிப்பு" என்று மொட்டையாகச் சொன்னால் அது பணம் வருவதற்கு முன்பா பின்பா என்ற கேள்வி உடனே வரும், அங்கே தடுமாறினால் அசிங்கம்.

ஐடியாவைத் திருடிவிடுவார்கள் என்று பயந்து ரகசிய ஒப்பந்தத்தை நீட்ட வேண்டாம், முதல் சந்திப்பில் பெரும்பாலும் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

மறுப்பு வரும், நிறையவே வரும். 2008இல், வீடுகளில் தங்க இடம் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி நிறுவனம் 15 லட்சம் டாலர் மதிப்பில் 1.5 லட்சம் டாலர் கேட்டு ஏழு முதலீட்டாளர்களை அணுகியது. ஐந்து பேர் மறுத்தார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. (மறுத்தவர்களையும் குறை சொல்ல முடியாது, முன்பின் தெரியாதவர் வீட்டில் போய்த் தூங்குவதை அன்று யார் நம்பியிருப்பார்கள்?)

ஒன்று மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன். "ரொம்ப நன்றாக இருக்கிறது, தொடர்பில் இருப்போம்" என்றால் பெரும்பாலும் இல்லை என்று பொருள். "சரி, போடுகிறேன்" என்றே சொன்னாலும், பணம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை அடுத்தவரோடு பேசுவதை நிறுத்தாதீர்கள்.