வீட்டில் ஆக்சிஜன்: வாசகர் கேள்விகளுக்கு நுரையீரல் மருத்துவரின் பதில்கள்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் தன்மை மாறிவிடுகிறது. என்ன நோய், என்ன மருந்து என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்கத் தொடங்குகிறார்கள். வீட்டிலேயே ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் நோயாளிகளின் குடும்பத்தினர் அனுப்பியவற்றில் ஐந்து கடிதங்களை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கு நீண்ட பதில் தேவைப்பட்டதால், மற்றவற்றில் சிலவற்றைச் சுருக்கமாகவே எழுத முடிந்தது.

கேள்வி: டாக்டர் ஐயா, என் அப்பாவுக்கு வயது 70. நாற்பது ஆண்டுகள் பீடி குடித்தவர். சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காக ஓராண்டாக வீட்டில் ஐந்து லிட்டர் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறோம். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 16 மணி நேரம் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். கஜா புயலின்போது எங்கள் தெருவில் இருபது நாள் மின்சாரம் இல்லை. அப்போது அப்பாவுக்கு ஆக்சிஜன் தேவைப்படவில்லை. இப்போது அப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அது போதுமா?
வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தது உங்கள் கடற்கரையில்தான் என்பதால், இந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிடத் தகுதியானவர் இல்லை. இன்வெர்ட்டர் போதாது. ஏன் போதாது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி, அதில் தேங்கும் மின்சாரம் 1,800 வாட்-மணி. ஐந்து லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். இடையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், புது பேட்டரியாக இருந்து, மின்விசிறியையும் விளக்கையும் அணைத்து வைத்தால்கூட மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு மணி நேரம் ஓடும். பேட்டரிக்கு மூன்று வயதாகியிருந்தால் அதுவும் கிடைக்காது. ஆகவே, இன்வெர்ட்டரை வழக்கமான மின்வெட்டுக்கும், சிலிண்டருக்கு மாறும் இடைவெளிக்கும் மட்டுமே நம்ப வேண்டும். மெஷினுக்குள் கம்ப்ரஸர் இருப்பதால், சைன் வேவ் வகை இன்வெர்ட்டர்தானா என்பதையும், மெஷின் தொடங்கும்போது இழுக்கும் மின்சாரத்தை அது தாங்குமா என்பதையும் எலெக்ட்ரீஷியனிடம் இப்போதே கேட்டு, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

புயலுக்குத் துணை சிலிண்டர்தான். 'பி' வகைச் சிறிய சிலிண்டரில் 1.5 கனமீட்டர், அதாவது 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் அது பன்னிரண்டரை மணி நேரம் வரும். ஆளுயரத்துக்கு நிற்கும் 'டி' வகையில் 7 கனமீட்டர். அதே வேகத்தில் 58 மணி நேரம். உங்கள் தந்தையாருக்கு நாளொன்றுக்கு 16 மணி நேரம் என்பதால், ஒரு பெரியதும் ஒரு சிறியதும் இருந்தால் நான்கு நாட்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே தாக்குப்பிடிக்கலாம். ஆனால் இருபது நாட்களுக்கு வராது. அழுத்தமானியின் முள் பாதிக்கு வந்தால் பாதி நேரம் தீர்ந்தது என்று பொருள். முள் கால்பங்குக்கு வரும்வரை காத்திருக்காமல் அடுத்ததற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டர் நிறைய ஆக்சிஜன் இருந்தும், அதைத் திறக்கும் சாவி எங்கே என்று தெரியாமல், இரவு இரண்டு மணிக்கு ஒரு குடும்பம் நோயாளியை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். சாவியைச் சிலிண்டரின் கழுத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். சிறிய சிலிண்டரின் வால்வும் பெரியதன் வால்வும் வேறுவேறாக இருக்கக்கூடும் என்பதால், உங்களிடமுள்ள ரெகுலேட்டர் இரண்டுக்கும் பொருந்துகிறதா என்று நிரப்பிக் கொடுப்பவர் முன்னிலையிலேயே மாட்டிப் பாருங்கள். வால்வு இறுகிவிட்டதென்று எண்ணெயோ கிரீஸோ தடவவே கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பற்றும். மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரின் உடல் கருப்பாகவும் தோள்பகுதி வெள்ளையாகவும் இருக்கும். உச்சிவரை கருப்பாக இருப்பது வெல்டிங் பட்டறைக்கு உரியது. பெரிய சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு பிணைத்து நிறுத்துங்கள்.

மருந்துக்கும் இதே முன்யோசனை வேண்டும். நெபுலைசரும் மின்சாரத்தில் ஓடுவதுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சால்புட்டமால் ஸ்ப்ரே இன்ஹேலரை ஸ்பேசர் குழாயுடன் சரியாகப் பயன்படுத்தினால், பெரும்பாலான நேரங்களில் நெபுலைசருக்கு நிகரான பலன் கிடைக்கும். எத்தனை முறை அழுத்துவது என்பதை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபர் பிறந்ததும் ஒரு மாத மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று தெளிவாக எழுதிய மருந்துச்சீட்டின் நகலையும், கடைசி டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் தண்ணீர் புகாத உறையில் போட்டு, இன்ஹேலர், மாற்று மூக்குக் குழாய், பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆகியவற்றுடன் ஒரே பையில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போது வீட்டைவிட்டுக் கிளம்புவது என்பதை மழை தொடங்குமுன்பே முடிவு செய்துவிடுங்கள். சாலையில் மரம் விழுந்தபின் ஆம்புலன்ஸால் வர முடியாது. புயல் எச்சரிக்கை வந்து, கரையைக் கடக்கும் இடம் உங்கள் பக்கம் என்று தெரிந்தவுடன், மெஷினோடும் சிலிண்டரோடும் உள்மாவட்டத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்குச் சென்றுவிடுவதே என் பரிந்துரை. அது முடியாவிட்டால், ஜெனரேட்டர் வசதியுள்ள அரசு மருத்துவமனையிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். உங்கள் வீட்டில் ஆக்சிஜன் நோயாளி இருக்கிறார் என்பது கிராம சுகாதாரச் செவிலியருக்கும், கிராம நிர்வாக அலுவலருக்கும், மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் எழுத்துமூலம் தெரிந்திருக்கட்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மின்தடைப் புகாருக்கு 94987 94987, ஆம்புலன்ஸுக்கு 108. வாடகை ஜெனரேட்டர் கிடைத்தால் அதை வீட்டுக்கு வெளியே, சன்னலிலிருந்து தள்ளி வைத்து ஓட்டுங்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, நல்ல நுரையீரல் உள்ளவர்களையே உறக்கத்தில் கொன்றுவிடும்.

பதற்றத்தில் செய்யக்கூடிய ஒரு தவறையும் குறிப்பிட வேண்டும். மூச்சு வாங்குகிறது என்று 2 லிட்டரை 5 லிட்டராக நீங்களாகவே கூட்டாதீர்கள். இந்நோயாளிகள் பலருக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதத்துக்குள் இருப்பதே போதுமானது. அளவுக்கு மீறிக் கொடுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, தலைவலி, தூக்கக் கலக்கம், பிதற்றல் என்று தொடங்கி நினைவிழப்பு வரை போகலாம். வழக்கமான அளவு கொடுத்தும் 88-க்குக் கீழே நின்றாலோ, உதடு நீலமானாலோ, எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டாலோ, ஆக்சிஜனை நிறுத்தாமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: விறகடுப்பில் சமைத்துச் சமைத்தே என் அம்மாவின் நுரையீரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆக்சிஜன் மெஷின் வந்ததிலிருந்து மின்கட்டணம் ஏறிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அம்மாவே இரவில் மெஷினை அணைத்துவிடுகிறார். பகலில் ஏழெட்டு மணி நேரம் வைத்தால் போதாதா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: போதாது. அணைக்கக் கூடாத நேரமே இரவுதான், ஏனென்றால் உறக்கத்தில் மூச்சு மேலோட்டமாகி ஆக்சிஜன் அளவு இன்னும் இறங்கும். நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரமாவது வைக்க வேண்டும் என்ற கணக்கு, 1981-ல் வெளியான பிரிட்டன் ஆய்விலிருந்து வந்தது. நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் பெற்ற 42 பேரில் ஐந்து ஆண்டுகளுக்குள் 19 பேர் இறந்தார்கள். பெறாத 45 பேரில் 30 பேர் இறந்தார்கள். மூச்சிரைப்பைத் தணிப்பதைவிட ஆயுளை நீட்டுவதற்காகவே இந்தச் சிகிச்சை தரப்படுகிறது என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். "இப்போது மூச்சு வாங்கவில்லையே, எதற்கு வீணாக ஓட வேண்டும்?" என்று அவர் கேட்பார், பெரும்பாலோர் கேட்பது அதுதான்.

செலவை நான் சிறிதாக மதிப்பிடவில்லை. 350 வாட் மெஷின் 15 மணி நேரம் ஓடினால் நாளுக்கு ஐந்தேகால் யூனிட், இரண்டு மாதத்துக்கு 315 யூனிட். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குக் கட்டண அடுக்கே மாறிவிடுவதால், அந்த எல்லைக்குள் நிற்க வேறு எங்கே குறைக்கலாம் என்று பாருங்கள். மெஷினின் பின்புறம் ஒட்டியுள்ள வாட் அளவையும் பாருங்கள். ஒரே ஐந்து லிட்டர் வகையில்கூட ஒன்றுக்கொன்று வேறுபாடு உண்டு. வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, நன்றாக உலர்த்திப் போட்டு, சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வைத்தால் மெஷின் சூடேறாமல் ஓடும். உயிர் காக்கும் கருவி இழுக்கும் மின்சாரத்தை ஏ.சி. இழுக்கும் மின்சாரத்தோடு ஒரே கணக்கில் சேர்ப்பது சரியல்ல என்பது என் கருத்து. அதை உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் மனுவாகக் கொடுப்பதில் தவறில்லை.

கேள்வி: மாதம் முடிவதற்குள் இன்ஹேலர் தீர்ந்துவிடுகிறது. விலை கட்டுப்படியாகாததால், அப்பா நன்றாக இருக்கும் நாட்களில் நிறுத்திவிடுகிறார். சென்ற மாதம் கடைக்காரர் வேறு கம்பெனிக் கேப்ஸ்யூலைக் கொடுத்தார். அது இழுக்கவே வரவில்லை என்கிறார் அப்பா.
வாசகி, மதுரை

பதில்: கேப்ஸ்யூல் வேறு, அதை உடைத்து உறிஞ்சும் கருவி வேறு. ஒரு கம்பெனிக் கேப்ஸ்யூல் இன்னொரு கம்பெனிக் கருவியில் சரியாகத் துளைபடாமல் போகலாம். மாற்றித் தரும்போது கருவியையும் சேர்த்து வாங்கி, மருந்தாளுநர் முன்பே ஒருமுறை உறிஞ்சிக் காட்டச் சொல்லுங்கள்.

தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்தும், இரைக்கும்போது மட்டும் எடுக்க வேண்டிய நிவாரண மருந்தும் வேறுவேறு. முன்னதை நல்ல நாளில் நிறுத்துவதால்தான் கெட்ட நாள் வருகிறது. அதனால் மருத்துவமனையில் நான்கு நாள் படுக்க நேர்ந்தால், மிச்சம் பிடித்த பணம் முதல் நாளிலேயே போய்விடும். மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வருபவர், சீட்டு தீர்ந்துவிட்டது என்று அதைச் சட்டென நிறுத்துவது இன்னும் ஆபத்து.

விலையைக் குறைக்க வழி உண்டு. சால்புட்டமால், இப்ராட்ரோபியம், டையோட்ரோபியம், புடசோனைடு-ஃபார்மோட்டிரால் ஆகியவை 2022-ம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. மருத்துவரிடம் கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மூலப்பெயரை எழுதச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலும் இருப்பைக் கேளுங்கள். அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் பதிவு செய்துகொண்டால் மருந்து இலவசம். அங்கே தீரும் சமயத்துக்காகத்தான் வீட்டில் ஒரு மாதக் கையிருப்பு வேண்டும் என்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. மாதாந்திர இன்ஹேலருக்கு அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: 2021-ல் கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் மெஷின் சும்மா கிடக்கிறது. மாமாவுக்கு இப்போது ஓய்வில் ஆக்சிஜன் அளவு 94 காட்டுகிறது. அவர் தினமும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாமா? அல்லது பக்கத்துத் தெருவில் தேவைப்படும் ஒருவருக்குக் கொடுத்துவிடலாமா?
வாசகர், சென்னை

பதில்: மாமாவுக்கு வேண்டாம். 2016-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஓய்வில் 89 முதல் 93 வரை இருந்தவர்களையும் நடக்கும்போது மட்டும் குறைந்தவர்களையும் சேர்த்து 738 பேரைக் கவனித்தார்கள். வீட்டு ஆக்சிஜன் அவர்களுடைய ஆயுளையும் கூட்டவில்லை, மருத்துவமனைக்குப் போவதையும் குறைக்கவில்லை. உடல்நிலை சீராக இருக்கும்போதும் 88 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் இரத்தப் பரிசோதனை செய்து நீண்டகால ஆக்சிஜனை எழுதுகிறோம். டிஸ்சார்ஜ் ஆகும்போது எழுதிக்கொடுத்ததையும் இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்து, தொடர வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும்.

கொடுத்துவிடுங்கள், ஆனால் அப்படியே கொடுக்காதீர்கள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் படுகை, ஈரம் பட்டு நாளடைவில் சோர்ந்துபோகும். மெஷின் ஓடும், காற்றும் வரும், ஆக்சிஜன் மட்டும் இருக்காது. சர்வீஸ் செய்பவரிடம் தூய்மையை அளக்கச் சொன்னால் 90 சதவீதத்துக்கு மேல் காட்ட வேண்டும்.

கேள்வி: மாமியார் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு பூஜையறைக்குப் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். விளக்கேற்றலாமா? வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவது வழக்கம்.
வாசகி, கும்பகோணம்

பதில்: விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம், கேஸ் அடுப்பு எதுவாக இருந்தாலும் ஆக்சிஜனுக்கும் நெருப்புக்கும் இடையே மூன்று மீட்டராவது இருக்கட்டும். மெஷினை அணைத்த பின்னும் புடவையிலும் போர்வையிலும் சற்று நேரம் ஆக்சிஜன் தங்கியிருக்கும் என்பதால், அவரே எழுந்து வந்து விளக்கேற்றுவது வேண்டாம். சாம்பிராணியை அடியோடு விட்டுவிடுங்கள். அதன் புகையே அவருக்கு இளைப்பைக் கிளப்பும். மூக்கு வறண்டால் தைலமோ வாசலினோ தடவாமல், தண்ணீர் அடிப்படையிலான ஜெல் போதும். கற்பூரத் தட்டைப் பூஜையறையிலேயே வைத்துவிட்டு, திருநீற்றையும் குங்குமத்தையும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.